அலைவரிசை ஊருக்கு, ஆள் மட்டும் தலைநகரில்: ஒரு திறந்த மடல்

பெறுநர்: தகவல் ஒலிபரப்பு அமைச்சகம்; இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், புது தில்லி.

ஐயா, அம்மா, வணக்கம்.

தனியார் பண்பலை இதுவரை எட்டாத 234 ஊர்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அடிப்படை விலை 784.87 கோடி ரூபாய். தமிழ்நாட்டிலிருந்து திண்டுக்கல், கரூர், தஞ்சாவூர், காரைக்குடி, நெய்வேலி, திருவண்ணாமலை போன்ற ஊர்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. புதிய வேலைவாய்ப்பு வரும், வட்டார வழக்கும் பண்பாடும் வளரும் என்று அன்றைய அரசு அறிக்கை சொன்னது.

அந்த வேலை எந்த ஊரில் வரும் என்று மட்டும் சொல்லவில்லை. கரூர் அலைவரிசைக்கான வேலை கரூரில்தான் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதாவிட்டால் அது சென்னையிலோ மும்பையிலோ போய் உட்கார்ந்துகொள்ளும். சில ஆண்டுகளில் அங்கேயும் இருக்காது. தென்மாவட்டத்து ஊர் ஒன்றில் தனியார் பண்பலை நிகழ்ச்சித் தயாரிப்பாளராக வேலை பார்த்து, ஆட்குறைப்பில் வெளியே வந்தவள் நான். எங்கள் நிலையத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெயரை மாற்றிப் போட்டாலும் கதை இதேதான் என்பதை இந்தத் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஒரு நிலையம் ஒரே நாளில் காலியாவதில்லை. எங்களிடம் முதலில் இரவு நிகழ்ச்சி போனது. 11 மணிக்கு மேல் யார் கேட்கிறார்கள் என்றார்கள். லாரி ஓட்டுநர்கள் கேட்டார்கள், ஆஸ்பத்திரி வராண்டாவில் படுத்திருக்கிறவர்கள் கேட்டார்கள், ஏடிஎம் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளிகளும் தறிக்கூடத்தில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர்களும் கேட்டார்கள். இவர்களில் யாரும் மறுநாள் நகைக்கடைக்குப் போகிறவர்கள் இல்லை என்பதுதான் உண்மையான காரணம். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை நேரலை போனது. அப்புறம் பிற்பகல். சவுண்ட் இன்ஜினியர் இரண்டு நிலையங்களுக்குப் பொது ஆளானார், பிறகு நான்குக்கு. காலை நிகழ்ச்சியும் மாலை நிகழ்ச்சியும் மட்டும் மிஞ்சின. கடைசியில் மாலை நிகழ்ச்சியும் 'ஹப்'புக்குப் போனது. ஹப் என்றால் மாநிலத் தலைநகரில் இருக்கிற பெரிய ஸ்டுடியோ. பல ஊர் நிலையங்களை அங்கிருந்தே இணையம் வழியாக இயக்கலாம்.

எங்கள் நிலையத்தில் கடைசி வரை குறையாமல் இருந்தது விளம்பரப் பிரிவு. ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, நீட் பயிற்சி மையம், கருத்தரிப்பு மருத்துவமனை என்று ஊரில் ஒவ்வொரு படியாக ஏறி இறங்க ஆள் வேண்டுமல்லவா? ஊரிலிருந்து பணம் வருவது நிற்கவில்லை. ஊருக்குப் போகிற குரல்தான் ஊரை விட்டுப் போய்விட்டது.

இதை வெளியில் இருப்பவர்கள் கண்டுபிடிப்பது கடினம், அதனால் வேலை நடக்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஆர்ஜே பேசுவதை நாங்கள் லிங்க் என்போம். நான்கு மணி நேர நிகழ்ச்சியில் ஆர்ஜே உண்மையில் பேசும் நேரத்தைக் கூட்டினால் பெரும்பாலும் அரை மணி நேரம் வந்தால் அதிகம். அத்தனை லிங்குகளையும் ஒரே மூச்சில் பதிவு செய்து கணினியில் போட்டுவிட்டால் மீதியை ஆட்டோமேஷன் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, எந்த ஜிங்கிள், எந்த விளம்பரம் எத்தனை நொடி என்பதெல்லாம் லாக் என்ற அன்றாட ஒலிபரப்புப் பட்டியலில் வரிசையாக இருக்கும். பாட்டின் கடைசி இசை தேய்கிற இடத்தில் ஆர்ஜேயின் குரல் சரியாக வந்து விழும். கேட்கிறவருக்கு அவர் இந்த நிமிடம் மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்றே தோன்றும். அவர் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கலாம். அல்லது ஒருமுறை 'வணக்கம் மதுரை' என்றும் இன்னொரு முறை 'வணக்கம் நெல்லை' என்றும் சொல்லி அடுத்த ஊருக்கான லிங்கைப் பதிவு செய்துகொண்டிருக்கலாம். நான்கு ஊர், நான்கு வணக்கம், ஒரே சம்பளம்.

ஆட்டோமேஷன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அதிகாலையில் தனியாளாக நிலையத்தைத் திறந்து, பாட்டையும் விளம்பரத்தையும் போனையும் ஒரே நேரத்தில் சமாளித்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும். இயந்திரம் பாட்டைப் பார்த்துக்கொண்டால் ஆள் போனை எடுக்கலாம். அந்த ஆளையும் அனுப்பிவிட்டு மிச்சமான சம்பளத்தை லாபக் கணக்கில் எழுதுவதைத்தான் சொல்கிறேன்.

போனில் என்ன பெரிதாக வந்துவிடும் என்று கேட்கலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காலை 5 மணிக்கே எங்கள் ஸ்டுடியோ போன் அடிக்க ஆரம்பிக்கும். "அக்கா, இன்னைக்கு ஸ்கூல் லீவா?" ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு, உறுதி செய்து, ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவோம். வாட்ஸ்அப்பில் போன வருஷத்து விடுமுறை அறிவிப்பு சுற்றிக்கொண்டிருக்கும். அது பழசு என்று சொல்வதும் எங்கள் வேலையாக இருந்தது. அறுவை சிகிச்சைக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும் என்று வரும். பேருந்து நிலையத்தில் சான்றிதழ்ப் பையைத் தவறவிட்ட பெண் அழுதுகொண்டே பேசுவார். எந்தப் பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறது என்று அந்தப் பாலத்துப் பக்கத்திலிருந்தே ஒருவர் சொல்வார். முந்தைய நாள் மதியம் பதிவான நிகழ்ச்சி அன்று காலை "என்ன ஒரு ஜில்லுனு க்ளைமேட்!" என்று குதூகலிக்கும். கேட்கிறவர் முழங்கால் தண்ணீரில் நிற்பார்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் விடாமல் கொட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. தாமிரபரணி கரை மீறியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், சுமார் 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். பல இடங்களில் மின்சாரமும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. இந்த இரண்டும் போன பிறகும் வேலை செய்கிற ஒரே கருவி, இரண்டு பேட்டரியில் ஓடுகிற பண்பலைப் பெட்டி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவுக்கென்று வெள்ளிக்கிழமையே பதிவு செய்து அடுக்கிவைத்த லாகுக்கு ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று எப்படித் தெரியும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், அரசுக்கே இந்த அவசியம் நன்றாகத் தெரியும். 2023 ஏப்ரலில் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் செல்போன் தயாரிப்பாளர்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. பண்பலை வசதியை முடக்கி வைக்காதீர்கள், பேரிடர் நேரத்தில் அதுதான் கைகொடுக்கும் என்றது. சரியான அறிவுரை. கேட்கிறவர் கையில் பெட்டி இருக்க வேண்டும் என்று சொன்ன அரசு, பேசுகிற பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று இன்னும் சொல்லவில்லை.

உங்கள் விதிகள் என்ன சொல்கின்றன என்று பார்த்தேன். தனியாருக்குப் பண்பலை உரிமம் தருவதற்கான மூன்றாம் கட்டக் கொள்கை 2011-இல் வந்தது. ஒரு நிறுவனம் நாடு முழுவதும் உள்ள தன் நிலையங்களை ஒன்றோடொன்று இணைத்து ஒரே நிகழ்ச்சியை ஒலிபரப்பிக்கொள்ளலாம் என்று அது அனுமதித்தது. அதற்கு முந்தைய இரண்டாம் கட்டத்தில் இது சிறிய ஊர்களுக்குள், ஒரே வட்டாரத்துக்குள் மட்டும் இருந்த சலுகை. இணைத்துக்கொண்டாலும் ஒரு நாளின் ஒலிபரப்பில் குறைந்தது 20 விழுக்காடு அந்த ஊரின் மொழியில், உள்ளூர் விஷயங்களை ஊக்குவிப்பதாக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டீர்கள். நாளுக்கு 20 விழுக்காடு என்றால் ஐந்து மணி நேரம்கூட இல்லை. மொழியோ கரூருக்கும் தமிழ், சென்னைக்கும் தமிழ். சென்னையில் உட்கார்ந்து கரூர் பற்றி நாலு வார்த்தை சேர்த்துப் பேசிவிட்டால் நிபந்தனை நிறைவேறிவிட்டது. ஒடியாவும் இந்தியும் பேசும் இரண்டு ஊர்களை மனதில் வைத்து எழுதிய விதி போலிருக்கிறது. ஒரே மொழி பேசும் மாநிலத்துக்குள் அது எதையும் தடுக்காது. நிகழ்ச்சிகளில் பாதியாவது இந்தியாவில் தயாரிக்கப்பட வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. ஊரில் தயாரிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

அப்புறம் 2022 அக்டோபரில் இன்னொரு கதவைத் திறந்தீர்கள். நாட்டிலுள்ள மொத்த அலைவரிசைகளில் ஒரே நிறுவனம் 15 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற உச்சவரம்பு நீக்கப்பட்டது. ஒரே குழுமத்துக்குள் உரிமங்களை மாற்றிக்கொள்வதற்கு இருந்த 3 ஆண்டுக் கட்டுப்பாடும் நீக்கப்பட்டது. தொழில் செய்வது எளிதாக வேண்டும் என்பது காரணம். நாடு முழுவதும் சேர்த்து ஒருவர் எத்தனை நிலையம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம், எல்லாவற்றையும் ஓரிடத்திலிருந்து நடத்தலாம். இந்த இரண்டு விதியும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் முழு வரலாறே இருக்கிறது.

அங்கே 1996 வரை ஒரு நிறுவனம் 20 ஏஎம், 20 எஃப்எம் என்று நாடு முழுவதும் 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்த ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் தேசிய உச்சவரம்பை முழுதாக எடுத்தது. சில ஆண்டுகளுக்குள் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் சுமார் 1,200 நிலையங்கள் வந்து சேர்ந்தன. வடக்கு டகோட்டா மாநிலத்தில் மைனாட் என்றொரு சிறிய ஊர். அங்கிருந்த வணிக வானொலிகள் 6. ஆறும் அந்த நிறுவனத்துடையவை.

2002 ஜனவரி 18, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில் அந்த ஊருக்கு வெளியே சரக்கு ரயில் ஒன்று தடம் புரண்டது. டேங்கர்கள் உடைந்து அம்மோனியா வெளியேறி, வெண்மேகமாக ஊருக்குள் வந்தது. வெளியே வராதீர்கள், ஜன்னல்களை மூடுங்கள் என்று மக்களுக்குச் சொல்ல வேண்டும். நெருக்கடி அறிவிப்புக்கென்று குறிக்கப்பட்ட வானொலி நிலையத்துக்குக் காவல்துறை போன் செய்தது. யாரும் எடுக்கவில்லை. வேறெங்கோ பதிவான நிகழ்ச்சிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானவர்கள் சிகிச்சை பெற்றார்கள்.

நிறுவனம் இதை மறுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். நிலையத்தில் ஆள் இருந்தார், காவல்துறைதான் அவசர எச்சரிக்கைக் கருவியைச் சரியாக வைத்திருக்கவில்லை என்றது. இருக்கலாம். அப்படியே வைத்துக்கொள்வோம். ஊர் முழுவதும் போன் அடிக்கிற நள்ளிரவில் ஆறு நிலையத்துக்கும் சேர்த்து ஒற்றை ஆள் என்ன செய்திருப்பார்? கருவி பழுதானால் மாற்று வழி ஆள்தான். ஆளைக் குறைத்துவிட்டால் கருவியின் பழுது ஊரின் ஆபத்தாக மாறிவிடுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் அங்கே பாடம் கற்றதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு நிலையமும் தான் உரிமம் பெற்ற ஊரிலோ அருகிலோ தலைமை ஸ்டுடியோ வைத்து, பகல் நேரத்தில் ஆள் போட்டிருக்க வேண்டும் என்ற பல பத்தாண்டு விதியை அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் 2017 அக்டோபரில் மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் ரத்து செய்தது. கட்டணமில்லாத ஒரு போன் எண் இருந்தால் போதும் என்றாகிவிட்டது. கிளியர் சேனல் கடன் வாங்கி விற்கப்பட்டு, ஐஹார்ட்மீடியா என்று பெயர் மாறி, 2018-இல் 2,000 கோடி டாலருக்கு மேல் கடனோடு திவால் மனு கொடுத்தது. அதிலிருந்து மீண்ட மறு ஆண்டு, 2020 ஜனவரியில், நாடு முழுக்க நூற்றுக்கணக்கான உள்ளூர்க் குரல்களை வீட்டுக்கு அனுப்பியது. செயற்கை நுண்ணறிவின் துணையோடு இயங்கும் 'சிறப்பு மையங்கள்' அந்த வேலையைச் செய்யும் என்றது. எங்கள் ஊரில் ஹப் என்று சொன்னதற்கு அங்கே கொஞ்சம் அழகான பெயர், அவ்வளவுதான்.

வட்டி கட்டுவதற்காக வெட்டப்பட்ட வேலைகள் அவை என்பதைக் கவனியுங்கள். கேட்பவர்கள் கேட்பதை நிறுத்தியதால் மட்டும் அந்த ஆட்கள் போகவில்லை. நிலையங்களைக் கடன் வாங்கிக் குவித்தார்கள், கடனை அடைக்க நிலையங்களைக் காலி செய்தார்கள். அதே நிறுவனம் 2025 இறுதியில் 'எங்கள் நிலையங்களில் பேசுவது மனிதர்களே, இதற்கு உத்தரவாதம்' என்று விளம்பரப்படுத்த ஆரம்பித்திருக்கிறது. மனிதக் குரலுக்குச் சந்தை மதிப்பு இருப்பது அவர்களுக்கே தெரிந்துவிட்டது போலிருக்கிறது. வேலை இழந்தவர்களுக்கு இந்த விளம்பரம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

பிரிட்டனிலும் இதே வழிதான். உள்ளூர் நிகழ்ச்சிக்கான கட்டாய நேரத்தை 2018-இல் ஒழுங்குமுறை அமைப்பு ஆஃப்காம் தளர்த்தியது. அடுத்த ஆண்டே ஹார்ட், கேப்பிட்டல் நிலையங்களின் உள்ளூர்க் காலை நிகழ்ச்சிகள் நிறுத்தப்பட்டு லண்டனிலிருந்து நாட்டுக்கெல்லாம் ஒரே நிகழ்ச்சி வந்தது. விதி தளர்ந்ததற்கும் ஆள் போனதற்கும் இடையில் சில மாதங்கள்தான்.

இப்போது ஹப்பில் இருக்கிறவருக்கும் ஆபத்து வந்துவிட்டது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் ஒரு நிலையம் 2023-இல் தன் ஆர்ஜே ஆஷ்லியின் குரலை நகலெடுத்து 'ஏஐ ஆஷ்லி' என்று நிகழ்ச்சியின் ஒரு பகுதியை நடத்தியது. அவர்களாவது சொல்லிவிட்டுச் செய்தார்கள். சிட்னியில் காடா என்ற நிலையத்தில் 'தை' என்ற இளம்பெண் வேலைநாட்களில் தினமும் 4 மணி நேரம் நிகழ்ச்சி நடத்தினார். சுமார் ஆறு மாதம் கழித்து 2025 ஏப்ரலில்தான் அப்படி ஒரு பெண்ணே இல்லை, நிறுவனத்தின் நிதிப் பிரிவு ஊழியர் ஒருவரின் குரலைக் கொண்டு உருவாக்கிய இயந்திரக் குரல் அது என்று வெளியே தெரிந்தது. சொல்லியே ஆக வேண்டும் என்று அங்கே விதி இருக்கவில்லை. இங்கேயும் இல்லை. போலந்தின் கிராக்கோவ் நகரில் ஒரு பொதுத்துறை வானொலி 2024 அக்டோபரில் ஆட்களை அனுப்பிவிட்டு மூன்று செயற்கைத் தொகுப்பாளர்களைக் கொண்டுவந்தது. இறந்துபோன நோபல் கவிஞரோடு 'நேர்காணல்' கூடப் போட்டார்கள். பொதுமக்கள் கொதித்தெழுந்ததில் ஒரு வாரத்தில் கைவிட வேண்டியதாயிற்று. அங்கே மக்களுக்குத் தெரிந்ததால்தான் எதிர்க்க முடிந்தது.

எங்கள் ஆர்ஜேக்களின் பல வருடக் குரல் பதிவுகள் நிறுவனங்களின் கணினிகளில் கிடக்கின்றன. பெரும்பாலானவர்கள் நிரந்தர ஊழியர்கள் இல்லை. ஆண்டு ஒப்பந்தம், ஆலோசகர் என்ற பெயர். பதிவான எல்லாமே நிறுவனத்துக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டவர்களை நான் பார்த்ததில்லை. மைக் கிடைத்த சந்தோஷத்தில் யார் படிப்பார்கள்? அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, வேலையை விட்டு அனுப்பிய பிறகும் அவர்கள் குரலையே பேச வைக்கலாமா? இதற்கு இன்றைக்கே ஒரு விதி வேண்டும்.

சரி, முதலாளிகள் பக்கத்தையும் பேசுவோம். அவர்களுக்கு நெருக்கடி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். விளம்பரப் பணம் செல்போனுக்குப் போய்விட்டது. பாட்டுக்கு இசை நிறுவனங்களிடம் உரிமத்தொகை கட்ட வேண்டும். உங்கள் ஆண்டுக் கட்டணம் மொத்த வருமானத்தில் 4 விழுக்காடு, அல்லது ஏலத்தில் கட்டிய நுழைவுத்தொகையில் இரண்டரை விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அது. ஏலத்தில் சூடாகி அதிக விலைக்கு எடுத்தவர், வருமானம் விழுந்த வருடத்திலும் அந்தப் பழைய விலைக்கே கட்டணம் கட்ட வேண்டும். இது நியாயமில்லை என்று டிராய் 2023 செப்டம்பரில் தானே சொல்லி, நுழைவுத்தொகையிலிருந்து கட்டணத்தைப் பிரிக்கப் பரிந்துரைத்தது. புதிய ஊர்களுக்கு வெறும் 4 விழுக்காடு என்று அமைச்சரவையும் முடிவெடுத்தது. நல்லது. அரசு விளம்பரங்களுக்கான வானொலிக் கட்டணத்தையும் 2023-இல் 43 விழுக்காடு உயர்த்தினீர்கள். அதுவும் நல்லது. ஆனால் இந்தச் சலுகைகளில் ஒன்றுக்காவது, பதிலுக்கு எத்தனை பேரை வேலையில் வைத்திருப்பீர்கள் என்று கேட்டீர்களா? மக்கள் வரிப்பணத்தில் கொடுக்கிற விளம்பரம் ஆளில்லாத ஸ்டுடியோவுக்கும் ஆள் வைத்திருக்கிற ஸ்டுடியோவுக்கும் ஒரே கட்டணத்தில்தான் போகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. நிலையங்கள் இவ்வளவு சுலபமாகக் காலியானதற்கு அரசின் செய்தித் தடையும் ஒரு காரணம். தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. ஆகாசவாணிச் செய்தியை அப்படியே அஞ்சல் செய்யலாம். போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, குடிநீர், மின்தடை, உள்ளாட்சி நிர்வாகம் தருகிற பேரிடர் எச்சரிக்கை இவற்றைச் சொல்லலாம். ஊரில் நகராட்சிக் கூட்டத்துக்குப் போகவும் ஆட்சியரிடம் கேள்வி கேட்கவும் முடியாதென்றால், அந்த ஊரில் நிருபர் எதற்கு என்று முதலாளி கேட்பார்தானே? செய்தி இல்லாத இடத்தில் மிஞ்சுவது பாட்டும் அரட்டையும். அவற்றை எங்கிருந்து வேண்டுமானாலும் கொடுக்கலாம். மணிக்கு 10 நிமிடம் செய்தியும் நடப்பு நிகழ்வுகளும் அனுமதிக்கலாம் என்று டிராய் 2023-இல் பரிந்துரைத்தது. அதை ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்கும்போது, அந்த 10 நிமிடத்தை அந்த ஊரிலேயே திரட்டியிருக்க வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள். இல்லையென்றால் அதுவும் ஹப்பிலிருந்து வரும்.

சின்ன நிலையத்துக்கு ஊர் ஆட்களை வைத்துக் கட்டுப்படியாகாது என்பார்கள். பாம்பனில் 2016-இலிருந்து கடல் ஓசை என்ற சமுதாய வானொலி நடக்கிறது. மீனவர்களே பேசுகிறார்கள், கடல் எப்படி இருக்கிறது என்று மீனவர்களுக்குச் சொல்கிறார்கள். வணிக நிலையத்தை அதோடு அப்படியே ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் ஒரு தீவில் அவர்களுக்கு முடிகிறது என்றால், மாவட்டத்துக் கடைகளின் விளம்பரங்களை எல்லாம் வாங்குகிற நிறுவனத்துக்கு இரண்டு ஆர்ஜே, ஒரு தயாரிப்பாளர், ஒரு தொழில்நுட்ப ஆள் முடியாதா?

நான் கேட்பது பெரிய விஷயங்கள் இல்லை. காலையில் நான்கு மணி நேரமும் மாலையில் நான்கு மணி நேரமும், உரிமம் பெற்ற ஊரின் ஸ்டுடியோவிலிருந்து, அந்த ஊரில் இருக்கிற மனிதர் நேரலையில் பேச வேண்டும். மற்ற நேரத்தில் ஆட்டோமேஷன் ஓடட்டும், ஆட்சேபணை இல்லை. வானிலை ஆய்வு மையம் மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால், அது விலக்கப்படும் வரை ஸ்டுடியோவில் இரவு பகலாக ஆள் இருக்க வேண்டும், அவரது போன் எண் ஆட்சியரின் கட்டுப்பாட்டு அறையில் இருக்க வேண்டும். எண் வேலை செய்கிறதா என்று பருவமழைக்கு முன்னால் செப்டம்பரில் ஒருமுறை நள்ளிரவில் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். செலவில்லாத சோதனை இது. எத்தனை இடத்தில் போனை எடுக்கிறார்கள் என்பதை வெளியிடுங்கள்.

பதிவான நிகழ்ச்சி என்றால் பதிவு என்றும், இயந்திரக் குரல் என்றால் இயந்திரம் என்றும் மணிக்கு ஒருமுறை சொல்ல வேண்டும். ஒருவரின் குரலை நகலெடுக்க அவரிடம் தனியாக எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், தனியாகப் பணம் தர வேண்டும், வேலையை விட்டுப் போனால் அந்த நகலும் போக வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், எத்தனை மணி நேரம் உள்ளூர் நேரலை நடந்தது என்ற கணக்கை நிறுவனங்கள் வருடாவருடம் உங்களிடம் தர வேண்டும், நீங்கள் அதை உங்கள் இணையதளத்தில் போட வேண்டும். வருமானக் கணக்கைக் கடைசிப் பைசா வரை கேட்டு 4 விழுக்காடு வாங்கத் தெரிந்த உங்களுக்கு இந்தக் கணக்கைக் கேட்பது சிரமமாக இருக்காது. இவற்றைச் செய்கிற நிலையத்துக்குக் கட்டணத்தைக் குறையுங்கள். செய்யாத நிலையத்துக்கு அரசு விளம்பரத்தை நிறுத்துங்கள்.

அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியிலேயே தீர்ப்பளித்துவிட்டது. அந்தத் தீர்ப்பின் பலத்தில்தான் இந்தத் தனியார் பண்பலைகளே பிறந்தன. பொதுச்சொத்தைக் குத்தகைக்கு விடுகிறவர்கள் குத்தகைச் சீட்டில் இரண்டு நிபந்தனை அதிகமாக எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

இதற்கு நேரமும் இருக்கிறது. மூன்றாம் கட்டத்துக்கு மாறிய பழைய நிலையங்களின் 15 ஆண்டு அனுமதி 2015 ஏப்ரலில் தொடங்கியது. 2030 மார்ச்சில் முடிகிறது. சென்னை, கோவை, மதுரை, திருச்சி, நெல்லை, தூத்துக்குடி நிலையங்கள் பலவும் அதில் வரும். புதுப்பிக்க வேண்டும் என்று அவர்கள் உங்களிடம் வந்து நிற்பார்கள். அதற்கு முன்பே டிராய் ஒரு கலந்தாய்வுத் தாள் வெளியிட்டு, நிலையங்களில் ஆட்கள் என்ற ஒரே கேள்விக்குப் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். கலந்தாய்வுத் தாள் ஆங்கிலத்தில் மட்டும் வராமல் தமிழிலும் வர வேண்டும், கருத்துக் கேட்புக் கூட்டம் தில்லியில் மட்டும் இல்லாமல் திருநெல்வேலியிலும் நடக்க வேண்டும். கூட்டத்துக்கு நான் வருகிறேன். என்னோடு வேலை இழந்தவர்களும் வருவார்கள். இப்போது ஒருவர் கல்யாண வீடுகளில் தொகுப்பாளர், ஒருவர் இன்சூரன்ஸ் முகவர், இன்னொருவர் ஜவுளிக்கடை வாசலில் மைக் பிடித்துத் தள்ளுபடி அறிவிக்கிறார். நாளும் இடமும் மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தனியார் பண்பலையின் முன்னாள் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஒருத்தி